7 மாதத்தில் உருவாகும் காக்கிச்சட்டை... ஸ்டேஷன் மேசையில் தொடங்கும் நிஜப் பரீட்சை!

1,500 மீட்டர். 7 நிமிடம். ஒரு விநாடி தாண்டினாலும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்!

மேச்சேரி வட்டாரத்தில் போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். ஓமலூரிலிருந்து மேட்டூர் போகும் சாலையில் இருக்கும் ஊர் மேச்சேரி. தன் பெயரையே ஒரு செம்மறி ஆட்டு இனத்துக்குக் கொடுத்த ஊர். வானம் பார்த்த பூமியும் ஆட்டுப் பட்டியும் விசைத்தறியுமாக ஓடும் பல வீடுகளில், ஒரு பிள்ளை காக்கிச்சட்டை போட்டுவிட்டால் அது அந்தக் குடும்பத்துக்கே பென்ஷன் இல்லாத குறையைத் தீர்த்த மாதிரி. அதனால் பொழுது விடிவதற்கு முன்பே ஓட்டம் தொடங்கிவிடுகிறது.

ஆனால், ஓடி ஜெயித்த பிறகு என்ன நடக்கிறது? நேற்றுவரை நம் பக்கத்து வீட்டுப் பையனாக, பெண்ணாக இருந்த ஒருவர் எத்தனை நாளில், என்னென்ன கற்றுக்கொண்டு போலீஸாக மாறுகிறார்? வரப்புத் தகராறு, ஆடு திருட்டு, ஆன்லைன் மோசடி என்று ஏதோ ஒன்றுக்காக நாம் ஸ்டேஷன் படி ஏறும்போது, எதிரே இருப்பவர் நம்மிடம் எப்படிப் பேசப்போகிறார் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பயிற்சிதான். அதனால் இது போலீஸ் வேலைக்குப் போகிறவர்களின் கதை மட்டுமல்ல... நம் எல்லோருடைய கதையும்கூட.

கயிறும் கேள்வித்தாளும்!

தமிழ்நாட்டில் காவலர்களைத் தேர்ந்தெடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். 1991-ல் தொடங்கப்பட்டது. இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு உச்ச வரம்பு 26. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு 28. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 31.

முதலில் எழுத்துத் தேர்வு. இதில் தமிழ்த் தகுதித் தேர்வு 80 மதிப்பெண்ணுக்கு. அதில் 40 சதவிகிதம், அதாவது 32 மதிப்பெண் எடுத்தால்தான் அடுத்த விடைத்தாளைத் திருத்துவார்கள். முதன்மைத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. பொது அறிவில் 45 கேள்விகள், உளவியலில் 25 கேள்விகள்.

அதன் பிறகு மைதானம். ஆண்களுக்கு 1,500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்கும் தகுதித் தேர்வு, பிறகு நீளம் தாண்டுதல், குண்டு அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம். உடல்திறனுக்கு 24 மதிப்பெண், என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6 மதிப்பெண். ஆக மொத்தம் 100.

இந்த நூறைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஓட்டமும் தாண்டலும் நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிய பங்கு வகிக்கவில்லை. 100-க்கு 70 மதிப்பெண் பேனாவில்தான் இருக்கிறது. 25 கேள்விகள் உளவியலுக்கு என்பதும் காரணத்தோடு வைத்ததுதான். காவலர் வேலையில் கால் ஓடுகிற நேரத்தைவிட மூளை ஓட வேண்டிய நேரம் அதிகம்!

அந்த 7 மாதம்...

தேர்வானவர்கள் நேராக ஸ்டேஷனுக்குப் போவதில்லை. காவலர் பயிற்சிப் பள்ளிக்குப் போகிறார்கள். மேச்சேரிக்குப் பக்கத்தில் மேட்டூரிலேயே அப்படி ஒரு பள்ளி இருக்கிறது. சேலம், கோவை, வேலூர், திருச்சி என்று மாநிலத்தின் பல ஊர்களிலும் உண்டு. மொத்தப் பயிற்சி 7 மாதம். இதில் 6 மாதம் பள்ளிக்குள் அடிப்படைப் பயிற்சி. கடைசி ஒரு மாதம் செயல்முறைப் பயிற்சி.

விடியற்காலையில் உடற்பயிற்சி, கவாத்து. பிறகு துப்பாக்கியைப் பிரித்து மாட்டுவது, குறி பார்த்துச் சுடுவது, கலவரக் கூட்டத்தைக் கலைப்பது, முதலுதவி, யோகா. இவையெல்லாம் வெளிப்புறப் பயிற்சி. உள்ளரங்கில் சட்டம், காவல் நிலை ஆணைகள், மனித உரிமை, தடய அறிவியல், கணினி. இன்று எஃப்.ஐ.ஆர். பதிவு முழுக்க சி.சி.டி.என்.எஸ். என்ற நாடு தழுவிய கணினி வலைப்பின்னலுக்குள் போய்விட்டது. அதனால் கீபோர்டு தெரியாமல் போலீஸ் வேலை இல்லை.

சப் இன்ஸ்பெக்டர்களுக்குக் கதை வேறு. பட்டம் படித்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி. இடம், வண்டலூர் பக்கத்தில் ஊனமாஞ்சேரியில் இருக்கும் தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகம். ஐ.பி.எஸ். அதிகாரிகள் ஐதராபாத்தில் இருக்கும் சர்தார் வல்லபாய் படேல் தேசிய காவல் அகாடமிக்குப் போவார்கள். மாவட்டப் பயிற்சியையும் சேர்த்தால் அவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆகிவிடும்.

ஏணியின் மேல் படிக்கு இரண்டு ஆண்டு, நடுப்படிக்கு ஓராண்டு, கீழ்ப்படிக்கு 7 மாதம். ஆனால் ஒரு சாதாரண மனிதர் ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் பார்ப்பது யாரை? வாசலில் பாரா நிற்கும் காவலரை. உள்ளே வரவேற்பு மேசையில் இருப்பவரை. ரைட்டரை. ஏட்டய்யாவை. ஐ.பி.எஸ். அதிகாரியை நம்மில் பெரும்பாலானோர் நேரில் பார்ப்பதேயில்லை. மக்களோடு அதிகம் பழகுகிறவருக்குப் பயிற்சிக் காலம் குறைவு என்பதுதான் இந்த அமைப்பின் பெரிய முரண்!

படித்தது எப்போது, பயன்படுவது எப்போது?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வெளியே அதிகம் பேசப்படாதது.

2023-ல் தேர்வு வாரியம் அறிவித்த இரண்டாம் நிலைக் காவலர் இடங்கள் 2,599. இதில் ஆயுதப்படைக்கு 780. தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்கு 1,819. அதாவது, புதிதாகச் சேர்கிற காவலர் உடனே ஊர் ஸ்டேஷனில் உட்கார்ந்து மனு வாங்கப்போவதில்லை. பட்டாலியனிலும் ஆயுதப்படையிலும்தான் அவருடைய ஆரம்ப ஆண்டுகள் கழிகின்றன. பந்தோபஸ்து, வழிக்காவல், திருவிழாக் கூட்டம், தேர்தல் பணி. பட்டாலியனிலிருந்து ஆயுதப்படை, அங்கிருந்து ‘தாலுகா’ என்று அவர்கள் சொல்லும் உள்ளூர் காவல் நிலையம் என வந்து சேர்வதற்குள் வருடங்கள் ஓடிவிடும்.

பயிற்சிப் பள்ளியில் படித்த சட்டப் பிரிவுகள் அதற்குள் நினைவில் இருக்குமா? பத்தாம் வகுப்பில் படித்த திரிகோணமிதி நமக்கு இன்று எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ, அவ்வளவுதான் இருக்கும். கவாத்து மறக்காது. அது தினமும் நடக்கிறது. சட்டம் மறந்துபோகும். அதைப் பயன்படுத்த வேண்டிய வேலையே அந்த ஆண்டுகளில் குறைவு.

அதனால்தான் பணியில் இருக்கும்போதே திரும்பத் திரும்பக் கொடுக்கும் புத்தாக்கப் பயிற்சி அவசியமாகிறது. அதன் நிலை என்ன? காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு நிறுவனத்தின் லோக்நீதி பிரிவும் சேர்ந்து 2019-ல் இந்தியக் காவல் துறை பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் நாட்டில் சராசரியாக 6 சதவிகிதத்துக்குச் சற்று அதிகமான காவல் துறையினருக்கே பணியிடைப் பயிற்சி கிடைத்தது என்றது அந்த அறிக்கை. அதிலும் மேலதிகாரிகளுக்குக் கிடைத்த வாய்ப்பு கீழே இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதைச் சரிசெய்யச் சொன்னது யாரும் புதிதாகவும் அல்ல. டாடா சமூக அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த சமூகவியலாளர் எம்.எஸ். கோரே தலைமையில் 1971-ல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. காவலர் பயிற்சிக்காகவே போடப்பட்ட குழு. 1973-ல் 186 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. உடம்பைத் தயார்செய்தால் மட்டும் போதாது, அறிவும் திறமையும் மக்களிடம் நடந்துகொள்ளும் மனப்பான்மையும் சேர்ந்து வளர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்றும் அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

‘கிட்டி’யில் பிறந்த சட்டம்!

தமிழ்நாட்டுக் காவல் துறையின் வரலாற்றைப் புரட்டினால், அது பிறந்ததே ஒரு சித்ரவதை அறிக்கைக்குப் பிறகுதான் என்பது தெரியும்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட காலம். வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே ஆட்களின் கையில் இருந்தன. வரி கட்டாத குடியானவரைக் கொடுமைப்படுத்துவது சாதாரணமாக நடந்தது. அதில் ஒன்று ‘கிட்டி’. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிக்கும் கருவி. புகார்கள் லண்டன் நாடாளுமன்றம்வரை எட்ட, சென்னை மாகாணத்தில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1855-ல் வந்த அதன் அறிக்கை, சித்ரவதை நடப்பது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக வருவாய்த் துறையிலிருந்து போலீஸ் பிரிக்கப்பட்டு, 1859-ல் சென்னை மாகாண போலீஸ் சட்டம் வந்தது.

அதன் பிறகும் காக்கிச்சட்டைக்குப் பயிற்சி என்பது மெதுவாகத்தான் வந்தது. வேலூரில் காவலர் பயிற்சிப் பள்ளி வந்தது. 1902-ல் அமைக்கப்பட்ட ஃப்ரேசர் ஆணையம், இந்தியப் போலீஸின் பெரிய குறைகளில் ஒன்றாகப் பயிற்சியின்மையைச் சுட்டிக்காட்டியது. பிற்பாடு சென்னை அசோக் நகரில் காவலர் பயிற்சிக் கல்லூரி, 2008 முதல் ஊனமாஞ்சேரி உயர் பயிற்சியகம் என்று கட்டடங்கள் வளர்ந்தன.

கட்டடம் வளர்ந்த அளவுக்கு மனசு வளர்ந்ததா? இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாதபடி இரண்டு ஜூன் மாதங்கள் நம் நினைவில் நிற்கின்றன. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், அவருடைய மகன் பென்னிக்ஸ். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகத் தொடங்கிய விவகாரத்தில் இரண்டு உயிர்கள் போயின. 2025 ஜூனில் திருப்புவனத்தில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். நகை காணாமல்போன புகாரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் பிணமாகத் திரும்பினார். காவலர்கள் கைது செய்யப்பட்டார்கள். இரண்டு வழக்குகளும் சி.பி.ஐ-க்குப் போயின.

சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ என்ற தன்னார்வலர் அமைப்புக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. முறையான பயிற்சி இல்லாதவர்களைக் காவல் பணியில் பயன்படுத்தலாமா என்ற விவாதம் அப்போது மாநிலம் முழுக்க எழுந்தது.

அடித்தால் உண்மை வருமா?

சினிமாவில் ஹீரோ போலீஸ் லாக்கப்பில் இரண்டு அறை விட்டால் வில்லன் எல்லாவற்றையும் கக்கிவிடுவான். நாமும் கைதட்டுவோம். ஆனால், சட்டப் புத்தகத்தில் அந்தக் காட்சிக்கு மதிப்பே கிடையாது!

போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு இதைத்தான் சொன்னது. இப்போதைய பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் 23-வது பிரிவும் இதையேதான் சொல்கிறது. வாக்குமூலத்தின் அடிப்படையில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் சாட்சியமாக எடுபடும். அடித்து வாங்கிய வாக்குமூலத்தால் வழக்கு ஜெயிப்பதும் இல்லை. வலி தாங்காமல், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்பவர்களும் உண்டு. அப்போது உண்மையான குற்றவாளி வெளியே சுதந்திரமாகத் திரிவான்.

இங்கிலாந்து இந்தப் பாடத்தைச் சூடுபட்டுக் கற்றுக்கொண்டது. பொய்யான ஒப்புதல் வாக்குமூலங்களால் அப்பாவிகள் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தது வெளியே வந்த பிறகு, 1992-ல் அங்கே விசாரணை முறையையே மாற்றினார்கள். திட்டமிடுவது, எதற்காக விசாரிக்கிறோம் என்பதை எதிரே இருப்பவருக்கு விளக்குவது, அவரைப் பேசவிட்டுக் கேட்பது, முரண்பாடுகளை எடுத்துவைப்பது, முடிப்பது, மதிப்பிடுவது என்று படிப்படியாகப் போகும் முறை. மிரட்டிக் கேட்பதற்குப் பதில் கேட்டுக்கொண்டே இருப்பது. இது பிறவியில் வரும் திறமையல்ல. கவாத்து மாதிரியே பழகிப் பழகித்தான் வரும்.

இந்தியாவிலும் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கு 11 நெறிமுறைகளை வகுத்தது. கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 2020 டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி கேமரா கட்டாயம் என்றது அதே நீதிமன்றம். சட்டத்துக்குக் குறைவில்லை. அது இரவு இரண்டு மணிக்கு லாக்கப் வாசலில் நிற்கும் காவலரின் மனதில் பதிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

420 இப்போ 420 இல்லை!

அனுபவம் உள்ள போலீஸ்காரர்களையும் மறுபடி மாணவர்களாக்கியது 2024 ஜூலை 1. அன்றுதான் 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 1973-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றும் விடைபெற்று, பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பாரதிய சாக்‌ஷிய அதிநியமம் என்ற புதிய மூன்று சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன.

511 பிரிவுகள் கொண்ட தண்டனைச் சட்டத்துக்குப் பதில் 358 பிரிவுகள். கொலை என்றால் 302 என்பது குழந்தைக்கும் தெரியும். இப்போது அது 103. புதிய சட்டத்தின் 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு பற்றியது. ஏமாற்றுக்காரனை ‘ஃபோர் ட்வென்ட்டி’ என்று திட்டுவோமே... அந்த மோசடிப் பிரிவு இப்போது 318. திருட்டு 379-லிருந்து 303-க்குப் போய்விட்டது.

இருபது வருடம் ரைட்டராக இருந்தவர்கூட புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத வேண்டிய நிலை. இதில் இன்னொரு தலைவலி, 2024 ஜூலைக்கு முன்பு நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். அதனால் இரண்டு சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ‘சங்கலன்’ என்று ஒரு மொபைல் ஆப் வெளியிட்டிருக்கிறது. பழைய பிரிவுக்குப் புதிய பிரிவு எது என்று தேடிப் பார்க்கலாம். போலீஸ் மட்டுமல்ல, யாரும் இதைப் பயன்படுத்தலாம்.

எண்கள் மட்டுமா மாறின? வேலை செய்யும் முறையும் மாறியது. சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றும்போது வீடியோ எடுக்க வேண்டும். 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றம் நடந்த இடத்துக்குத் தடய அறிவியல் நிபுணரை வரவழைக்க வேண்டும். ஆக, பயிற்சி என்பது சேரும்போது ஒருமுறை முடித்துக்கொள்ளும் சடங்கு இல்லை என்பதை அந்த ஒரு தேதி எல்லோருக்கும் உணர்த்திவிட்டது.

22 பெண்களும் சேலத்துப் பெண்ணும்

பயிற்சி மைதானம் எப்போதும் ஆண்களுக்கானதாகவே இருந்தது. அதை உடைத்த ஆண்டு 1973. தமிழ்நாடு காவல் துறையில் முதன்முறையாகப் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு சப் இன்ஸ்பெக்டர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். மொத்தம் 22 பேர்! அங்கிருந்து தொடங்கிய பயணம், 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வரை போனது. இன்று ஊர்ப் பெண்கள் குடும்பப் பிரச்னையைச் சொல்லத் தயங்காமல் போகும் இடமாக அந்த நிலையங்கள் இருப்பதற்கு அந்த 22 பேர் போட்ட பாதை முக்கியக் காரணம்.

அடுத்த சுவரை உடைத்தவர் சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி. திருநங்கையான அவர் சப் இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விடவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015 நவம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பயிற்சியை முடித்து, 2017 ஏப்ரலில் தர்மபுரி மாவட்டத்தில் சப் இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்றார். நாட்டின் முதல் திருநங்கை சப் இன்ஸ்பெக்டர் என்ற பெருமை சேலம் மண்ணுக்கு வந்தது. ஒரு பயிற்சி அணியில் இப்படிப்பட்டவர் ஒருவர் நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவர்களும் எந்த வகுப்பிலும் கிடைக்காத ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்கள்.

மூன்று ஆண்டுப் படிப்பு!

உலகம் என்ன செய்கிறது? பின்லாந்திலும் நார்வேயிலும் போலீஸ் ஆக வேண்டும் என்றால் மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு படிக்க வேண்டும். சட்டம், உளவியல், சமூகவியல் படித்து, இடையில் காவல் நிலையங்களில் நீண்ட செயல்முறைப் பயிற்சி எடுத்த பிறகுதான் வேலை. அதேநேரம் அமெரிக்காவில் அடிப்படை அகாடமிப் பயிற்சி சராசரியாக ஐந்து மாதம்தான். ‘வளர்ந்த நாடு’ என்றாலே எல்லாம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதற்கு அங்கு நடக்கும் போலீஸ் அத்துமீறல் விவாதங்களே சாட்சி.

நம் மக்கள்தொகைக்கும் செலவுக்கும் மூன்று ஆண்டு கட்டுப்படியாகுமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் 7 மாதத்தை இரட்டிப்பாக்காமலேயே செய்யக்கூடியவை இருக்கின்றன. பட்டாலியனிலிருந்து ஊர் ஸ்டேஷனுக்கு மாறும் ஒவ்வொருவருக்கும் சட்டத்தையும் மக்களிடம் பேசும் முறையையும் மறுபடி முழுமையாகச் சொல்லித்தரலாம். சொற்பொழிவு நடத்துவதற்குப் பதில் நடித்துக் காட்டும் பயிற்சி தரலாம். நகை தொலைத்துவிட்டு அழும் பெண், குடித்துவிட்டுச் சண்டை போடும் கணவன், சாதி மாறித் திருமணம் செய்துகொண்டு பாதுகாப்புக் கேட்டு வந்து நிற்கும் ஜோடி, துரத்திக்கொண்டு வரும் உறவினர் கூட்டம்... இவர்களிடம் என்ன பேசுவது என்பதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. பழகித்தான் பார்க்க வேண்டும்.

சொல்லிக்கொடுக்கிறவர்களையும் கவனிக்க வேண்டும். பயிற்சிப் பள்ளிக்கு மாற்றல் என்றாலே ஒதுக்கிவைத்துவிட்டார்கள் என்று நினைக்கும் மனநிலை இந்தியக் காவல் துறையில் வெகுநாளாக உண்டு. நல்ல ஆசிரியர் இல்லாத பள்ளியில் நல்ல மாணவர் எப்படி உருவாவார்?

காக்கிக்குள் இருக்கும் மனிதரையும் மறக்கக் கூடாது. மாசித் தேரோட்டத்தில் மேச்சேரி பத்ரகாளியம்மன் கோயிலில் நாம் குடும்பத்தோடு சாமி கும்பிடும்போது, கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிற்பவரின் குடும்பம் வேறெங்கோ அவர் இல்லாமல்தான் இருக்கும். தூக்கமும் விடுப்பும் இல்லாத மனிதருக்குப் பொறுமையைப் பாடமாக நடத்தினால் ஏறாது. இதை உணர்ந்துதான் 2018-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மையத்தோடு சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சித் திட்டத்தைத் தமிழ்நாடு தொடங்கியது. காவலர்களுக்கு மட்டுமல்ல, குடும்பத்தினருக்கும் மன அழுத்தத்தைக் கையாளக் கற்றுத்தந்த திட்டம் அது.

நீங்கள் ஸ்டேஷனுக்குப் போகும்போது...

பயிற்சி வகுப்பில் காவலருக்குச் சொல்லித்தரும் சட்டம் நமக்கும் தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

* குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. இதற்கு ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று பெயர்.

* இணையம் வழியாகவும் புகார் அனுப்பலாம். 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

* எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். மனு மட்டும் கொடுத்திருந்தால் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

* புகாரைப் பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதன் பிறகும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

* பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட, 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும்.

* விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது.

* 60 வயதைத் தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ, 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்காகக் கைது செய்ய டி.எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியின் முன் அனுமதி வேண்டும்.

* போக்சோ வழக்கில் குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கவும் கூடாது.

* கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

* அவசரத்துக்கு 100 அல்லது 112. ஆன்லைன் பண மோசடிக்கு 1930. குழந்தைகளுக்கு 1098. பெண்களுக்கு 181. தமிழ்நாடு காவல் துறையின் ‘காவல் உதவி’ ஆப்பையும் போனில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியலை வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். போலீஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைக்கும் அனுப்புங்கள். அவர்களுக்கு இது பாடத்தின் ஒரு பகுதி. நமக்கோ உரிமை.

ஓட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. நீளம் தாண்டுதலுக்கு டேப் இருக்கிறது. மக்களிடம் எப்படிப் பேசினார் என்பதை அளக்கும் கருவியை மட்டும் யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. மனு கொடுத்துவிட்டுப் படி இறங்கும் ஒரு மேச்சேரி விவசாயி, ‘நம்ம பேச்சை முழுசாக் கேட்டாங்கப்பா’ என்று வீட்டில் போய்ச் சொன்னால், அந்த 7 மாதப் பயிற்சி பாஸ்!